தலைமாட்டில்

லிஃப்ட் கதவில் ‘பழுது’ என்று கையால் எழுதிய அட்டை தொங்கியது. இரவு முழுவதும் ஆபரேஷன் தியேட்டரில் நின்றுவிட்டு நேராக வந்திருந்தேன். அட்டையைப் பார்த்ததும் கால்கள் இன்னும் கனத்துப்போயின. தங்கை குடியிருப்பது ஏழாவது மாடியில். விடியற்காலையில் அவளுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது, வலி லேசாகத்தான் இருக்கிறது, வேலை முடிந்ததும் வந்தால் போதும் என்று அவள் கணவர் செய்தி அனுப்பியிருந்தார். நாலாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். லிஃப்ட் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் அக்காவை வைத்துக்கொண்டு, ஏழாவது மாடி வாடகை வீட்டில்தான் பிள்ளை பெற்றுக்கொள்வேன் என்று அடம்பிடிக்கிறாளே, அவள் மேல்தான் வந்தது.

ஏழாவது மாடிக்கு ஏறி வந்தால், லிஃப்ட் அங்கே வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. உள்ளே விளக்கு எரிகிறது. கதவு மூடாமல் இருக்க நடுவில் ஒரு மர ஸ்டூல். ஸ்டூலின் மேல் தங்கை கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

“ரிப்பேர்லாம் ஒன்னும் இல்லக்கா,” என்றார். “அவசரம்னு வந்தா இது கீழ எங்கயாவது போய் நின்னுடக் கூடாதுல்ல. அதான் புடிச்சு வெச்சிருக்கேன்.”

“நான் ஏழு மாடி ஏறி வந்திருக்கேன் தம்பி.”

“உங்களுக்கு மட்டும் சொல்லியிருக்கணும். மறந்தே போச்சு.” தலையைச் சொறிந்தார். முகத்தில் தூக்கமே இல்லை. அந்த மனிதரைத் திட்ட மனம் வரவில்லை.

வீட்டுக்குள் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டிருந்தார்கள். கூடத்தில் இருந்த சாப்பாட்டு மேஜையைச் சுவரோரம் தள்ளி, தரையில் மெத்தை போட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் விரிப்பும் அதற்கு மேல் பழைய படுக்கை விரிப்பும் விரித்திருந்தது. மேஜையில் மருத்துவச்சியின் சாமான்கள்: குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் கருவி, சின்ன ஆக்சிஜன் சிலிண்டர், ஊசி மருந்துகள், குளுக்கோஸ் பாட்டில், கையுறைப் பெட்டி. என் கண் தானாகவே ஒவ்வொன்றாகச் சரிபார்த்தது. எதுவும் குறையவில்லை. குறைந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கமாகவும் இருந்தது.

மருத்துவச்சிக்கு ஐம்பது வயதிருக்கும். படித்துப் பட்டம் வாங்கி, முறையாகப் பதிவு செய்துகொண்டவர். ஸ்கூட்டரில் வந்திருந்தார், ஹெல்மெட் அழுத்திய கோடு நெற்றியில் இன்னும் மறையவில்லை. “ஏதாவது கோணலா தெரிஞ்சா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு எல்லாம் எழுதி வெச்சாச்சு. உங்க ஆஸ்பத்திரிக்கும் போன வாரமே தகவல் குடுத்திருக்கேன்,” என்று ஒரு ஃபைலை என்னிடம் நீட்டினார். நான் கேட்பதற்கு முன்பே என் கேள்விக்குப் பதில் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. தங்கையின் மணிக்கட்டைப் பிடிக்கும் முன் “தொடட்டுமா?” என்பார். வயிற்றில் கை வைக்கும் முன் “தொடட்டுமா?” போர்வையை விலக்கும் முன்னும் அதே கேள்வி. தங்கை ஒவ்வொரு தடவையும் தலையசைப்பாள். காலையில் ஐந்தாறு முறை அதைக் கேட்டதும் எனக்கு எரிச்சலாக இருந்தது. எங்கள் இடத்தில் ஒரு நாளைக்குப் பதினைந்து பேர். ஒவ்வொருவரிடமும் இப்படி அனுமதி கேட்டுக்கொண்டு நின்றால் பதினாறாவது ஆள் வராந்தாவிலேயே பெற்றுவிடுவாள்.

தங்கை கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். “வந்துட்டியா? சாப்பிட்டியா?” என்றாள். அம்மா இறந்தபோது அவளுக்கு எட்டு வயது, எனக்குப் பதினாறு. அவளுக்குத் தலை வாரி, மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டு, முதல் மாதவிலக்கின்போது கையில் துணியைக் கொடுத்துப் பாடம் நடத்தி, எல்லாம் நான்தான். ஆனால் சாப்பிட்டியா என்று கேட்பது மட்டும் எப்போதும் அவள்.

அவள் மூத்த பெண்ணுக்கு ஆறு வயது. வாலு என்று கூப்பிடுவோம். காலையில் பள்ளிக்கூடம் போயிருந்தாள். சாயங்காலம் கீழ் வீட்டுத் தையல்கார அம்மா அழைத்துவந்து வைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

ஒன்பது மணிக்கெல்லாம் வலி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. நான் நாற்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். என்னை அறியாமலே உதடு எண்ணிக்கொண்டிருந்தது. ஒன்பதரைக்கு எட்டு நிமிடமானது. பத்து மணிக்குப் பன்னிரண்டு. பத்தரை மணிக்குத் தங்கை மெத்தையில் சாய்ந்து, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, “நின்னுடுச்சு போல இருக்கு,” என்றாள்.

“பனிக்குடம் உடைஞ்சு ஆறு மணி நேரம் ஆச்சு,” என்றேன் மருத்துவச்சியிடம்.

“ஆமாம்.”

“இன்னும் எவ்வளவு நேரம் பாக்கறதா உத்தேசம்?”

அவர் கருவியை எடுத்தார். தொடட்டுமா என்று கேட்டார். குழந்தையின் இதயம் குதிரை ஓடுவதுபோலச் சத்தமாக, சீராக அடித்தது. அதைக் கொஞ்ச நேரம் எல்லோரும் கேட்கும்படி விட்டுவிட்டு, எழுந்து என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போனார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தின் கீழ் தணிந்த குரலில் சொன்னார்.

“தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர். நீங்க எதிர்ல உக்காந்ததுல இருந்துதான் வலி தள்ளிப்போக ஆரம்பிச்சுது. கொஞ்ச நேரம் வெளியில இருங்களேன்.”

“நான் அவளோட அக்கா.”

“அக்காவா இருந்தா பரவாயில்ல. நீங்க வாச்சைப் பாக்கறீங்க.”

பதினாறு வருட ஆஸ்பத்திரி வேலையில் பிரசவம் நடக்கும் இடத்திலிருந்து யாரும் என்னை வெளியே அனுப்பியதில்லை. நான்தான் மற்றவர்களை அனுப்புவேன். தாயை, மாமியாரை, புருஷனை, “கொஞ்சம் வெளியில நில்லுங்க” என்று ஒரே மூச்சில் சொல்லிக் கதவைச் சாத்துவேன். அவர்கள் முகம் எப்படி ஆகும் என்று பார்த்தது கிடையாது. அன்று தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றபோது, என் முகம் எப்படி இருந்ததோ, தங்கை கணவர் எழுந்து ஸ்டூலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு பேரும் லிஃப்ட்டைக் காவல் காத்தோம். அஞ்சாவது மாடிக்காரர் ஒருவர் மளிகைப் பையோடு படிக்கட்டில் மூச்சிரைக்க ஏறி, தன் மாடியையும் தாண்டி எங்களிடமே வந்துவிட்டார்.

“ஏம்பா, லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிற வீட்லயே லிஃப்ட் ஓடலைன்னா வெளியில சொன்னா சிரிக்க மாட்டாங்களா?”

“அதுக்குத்தான் சார் இன்னிக்கு லீவு போட்டுட்டு அதுகிட்டயே உக்காந்திருக்கேன்.”

“உள்ள லைட்டு எரியுது?”

“லைட்டு மட்டும்தான் சார் எரியுது.”

அவர் திறந்த கதவையும், என் ஆஸ்பத்திரி உடையையும், வீட்டு வாசலில் கிடந்த ஹெல்மெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் உள்ளேயிருந்து தங்கையின் குரல் கேட்டது. அழுகை இல்லை, பேச்சும் இல்லை. அடிவயிற்றிலிருந்து எழுந்த நீளமான ஒரு முனகல். அவர் முகம் மாறியது. “சரி சரி, மெதுவா பண்ணுப்பா,” என்று சொல்லிவிட்டு ஓசைப்படாமல் இறங்கிப் போனார்.

நான் வெளியே வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வலி திரும்பிவிட்டது. எனக்குச் சந்தோஷமும் வந்தது, அவமானமாகவும் இருந்தது. தங்கை கணவர் ஸ்குரூ டிரைவரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு கதவு திறந்தது. தங்கை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கணவரைப் பார்த்து, “தண்ணி கொண்டு வாயேன்,” என்றாள். அவர் எழுந்து உள்ளே போனார். அவள் தண்ணீருக்காக அவரை அனுப்பவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

“அக்கா, வாலு பொறந்தப்போ நீ என் முட்டியப் புடிச்சே. ஞாபகம் இருக்கா?”

ஆறு வருடமாக இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அன்று பிரசவ அறையில் ஆள் குறைச்சல், தியேட்டரிலிருந்து என்னை அங்கே அனுப்பியிருந்தார்கள். சொந்த அக்காவே பக்கத்தில், என்ன அதிர்ஷ்டம் என்றுதான் பேசிக்கொண்டோம். மாஸ்க், தொப்பி, கையுறை. டாக்டர் “புடிங்க” என்றார். இடது முட்டியை நான் பிடித்தேன், வலது முட்டியை இன்னொருத்தி. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வழக்கம்போல. மேலிருந்து வயிற்றை ஒருவர் அழுத்தினார். கத்தரி எடுத்தார்கள். தைத்தார்கள். அவள் “என்ன பண்றீங்க, என்ன பண்றீங்க” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் “ஒன்னுமில்லடா, ஒன்னுமில்லடா” என்றேன். தாயும் சேயும் நலம் என்று ரிஜிஸ்டரில் எழுதியதும் நான்தான். இரண்டு மாதம் அவளால் நேராக உட்கார முடியவில்லை. அதையும் வழக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

நான் ட்யூட்டியில் இருந்தேன், டாக்டர் சொன்னதைச் செய்தேன், குழந்தைக்கு ஆபத்து வந்திருக்கலாம். எல்லாப் பதிலும் தயாராக இருந்தது. ஒவ்வொன்றும் உண்மைதான்.

“இருக்கு,” என்றேன்.

“மாஸ்க்குல உன் கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. என்னப் பாக்கவே இல்ல நீ. டாக்டர் கையையே பாத்துட்டிருந்தே.” அவள் குரலில் கோபம் இல்லை; எப்போதோ படித்ததை ஒப்பிப்பதுபோல இருந்தது. “வெட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. நான் என்ன, வேணாம்னா சொல்லியிருப்பேன்?”

“சொல்லியிருக்கணும்.”

“அத்தன வலியில, அக்கா இருக்காளேன்னு நெனச்சு நெனச்சுப் பாத்தேன். நீ அந்தப் பக்கம் இருந்தே.”

மன்னிச்சுக்கோ என்ற சொல் வாயில் இருந்தது. அது அந்த நேரத்தில் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. அதற்குள் அவளுக்கு அடுத்த வலி வந்துவிட்டது. இரண்டடி எடுத்து வைத்து, குனிந்து, என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முழுப் பாரத்தையும் என் மேல் இறக்கினாள். ஸ்டூல் பின்னால் நகர்ந்து லிஃப்ட் கதவில் இடித்தது. காதுக்குள் அவள் மூச்சு. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அந்த வலி எவ்வளவு நேரம் இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வலி போனதும் நிமிர்ந்து, “உள்ள வா,” என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மதியம் ஒரு மணி இருக்கும். அவள் மெத்தையில் மண்டியிட்டு, சோபாவின் மேல் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கணவர் சோபாவில் உட்கார்ந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்திருந்தார். அவள் நகம் பதிந்து அவர் புறங்கையில் பிறை பிறையாகத் தடம். மருத்துவச்சி பின்னால் தரையில் சம்மணமிட்டு, டார்ச் விளக்கோடு உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கத்தில். தலை தெரிந்தது, உள்ளே போனது, மறுபடி தெரிந்தது. என் கைகள் தாமாகவே முன்னால் போயின. எங்கள் இடத்தில் அந்த நேரத்தில் நாலு கை அங்கே இருக்கும். மருத்துவச்சி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “அவசரமில்ல சிஸ்டர், வழி தெரிஞ்சுதான் வருது,” என்றார். கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். தலை முழுதாக வெளியே வந்து அப்படியே நின்றது. யாரும் இழுக்கவில்லை. யாரும் தள்ளு தள்ளு என்று கத்தவில்லை. ஜன்னலுக்கு வெளியே எங்கோ ஒரு லாரி பின்னோக்கி நகரும் பீப் பீப் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குழந்தையின் முகம் தானாகத் திரும்பி என் பக்கம் பார்த்தது. கண் மூடியிருந்தது. அடுத்த வலியில் தோள் வந்தது, உடம்பு வழுக்கிக்கொண்டு வந்தது, மருத்துவச்சி இரண்டு கையாலும் ஏந்தி, தங்கையின் கால்களுக்கு நடுவே முன்பக்கம் நீட்டினார். “எடுத்துக்கோங்கம்மா, உங்க பொண்ணு.” என் தங்கை குனிந்து தன் குழந்தையைத் தானே எடுத்தாள். குழந்தை முதலில் தும்மியது. அப்புறம்தான் அழுதது.

நூற்றுக்கணக்கான பிரசவங்களில் நின்றிருக்கிறேன். ஒரு குழந்தை பிறந்து பார்த்தது அன்றைக்குத்தான் என்று தோன்றியது.

கதையை இங்கே நிறுத்தினால் நன்றாக இருக்கும். ஆனால் நஞ்சுக்கொடி வரவில்லை.

முதல் இருபது நிமிடம் யாரும் கவலைப்படவில்லை. தொப்புள் கொடி வெட்டிய குழந்தை தங்கையின் மார்பில் கிடந்தது. தங்கை கணவர் அழுதுகொண்டே தேநீர் போட்டு, சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுக் கொண்டுவந்து, நாங்கள் சிரித்தோம். அரை மணி ஆனபோது மருத்துவச்சி தொடையில் ஒரு ஊசி போட்டார். சிறுநீர் கழிக்க வைத்தார். குழந்தையைப் பால் குடிக்க விட்டுப் பார்த்தார். தொப்புள் கொடியை மெல்ல இழுத்துப் பார்த்து, விட்டுவிட்டார். விரிப்பில் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவிக்கொண்டிருந்தது. கொட்டவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. அவர் குளுக்கோஸ் ஏற்ற நரம்பு தேடியபோது நான் கேட்காமலே கட்டுப்பட்டையை எடுத்து நீட்டினேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அதே முகத்தை எங்கள் தியேட்டரில் பார்த்திருக்கிறேன். யாரும் எதுவும் சொல்லாத, எல்லோருக்கும் தெரிந்துவிட்ட முகம்.

அவர் தங்கையின் பக்கத்தில் மண்டியிட்டு, அவள் கண்ணுக்கு நேராகத் தன் முகத்தை வைத்தார். “கொடி உள்ள ஒட்டிக்கிட்டிருக்கு. ரத்தம் போய்ட்டே இருக்கு. இதுக்கு மேல இங்க வெச்சுப் பாக்கறது சரியில்ல. ஆஸ்பத்திரில மயக்க ஊசி போட்டுக் கையால எடுப்பாங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டுமா?”

“வேண்டாம்,” என்றாள் தங்கை. “இன்னும் கொஞ்சம் பாருங்க.”

“பாத்துட்டேம்மா. பொய் சொல்லி உங்களை அழைச்சுட்டுப் போக மாட்டேன். போகலன்னா உயிருக்கு ஆபத்து.”

தங்கை என்னைப் பார்த்தாள். ஆறு மாதமாக நான் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது ஒரே வார்த்தைதான், ஆஸ்பத்திரி. இப்போது என் பேச்சுதான் ஜெயித்திருந்தது. அதில் ஒரு துளி நிம்மதிகூட இல்லை. அவள் கண்ணில் இருந்த பயம் ரத்தத்தைப் பற்றியது அல்ல என்று எனக்குத் தெரிந்தது. ஆறு வருடமாக அது அங்கேயே இருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை.

“நான் உன் தலைமாட்டுல நிப்பேன்,” என்றேன். “இந்தத் தடவ தலைமாட்டுலதான்.”

மார்பில் கிடந்த குழந்தையின் தலையைத் தடவினாள். “சரி,” என்றாள்.

ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் ஸ்ட்ரெச்சர் அந்த லிஃப்ட்டுக்குள் நுழையாது. தங்கை கணவர் லிஃப்ட் கதவிலிருந்த ஸ்டூலை இழுத்துத் தள்ளிவிட்டு, சமையலறை நாற்காலியைக் கொண்டுவந்தார். அதில் அவளை உட்காரவைத்து, போர்வையால் சுற்றி, ஆம்புலன்ஸ் ஆட்கள் இருவரும் நானுமாகத் தூக்கிப் போனோம். மருத்துவச்சி ஒரு கையால் குளுக்கோஸ் பாட்டிலை உயர்த்திப் பிடித்திருந்தார். குழந்தை தகப்பனின் சட்டைக்குள், வெறும் மார்பில். லிஃப்ட் இறங்கும்போது ஒவ்வொரு மாடியின் எண்ணும் எரிந்து அணைவதைத் தங்கை கணவர் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கேயும் நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்திருப்பார். எங்கேயும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எல்லாக் கதவும் எனக்காகத் திறந்தது, எல்லா வாயும்கூட. “வீட்லயா பெத்தா? நீ இருந்துமா?” என்று கேஷுவாலிட்டி சிஸ்டர் கேட்டாள். மருத்துவச்சி நேரம், மருந்து, ரத்தத்தின் அளவு எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார். தியேட்டருக்கு முன்னால் தரையில் வெளியாட்கள் தாண்டக் கூடாத மஞ்சள் கோடு இருக்கும். அதன் இந்தப் பக்கம் நின்றுகொண்டு, “நான் இங்கதான் இருப்பேன்,” என்றார். குழந்தையோடு தங்கை கணவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

நான் மாஸ்க்கும் தொப்பியும் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். மேஜையைச் சுற்றி என் சிநேகிதிகள்தான். முதுகில் ஊசி போட்டு அவளைப் படுக்கவைத்திருந்தார்கள். நான் தலைமாட்டில் போய் நின்று குனிந்தேன். அவள் முகத்துக்குப் பக்கத்தில் என் முகத்தை வைத்தபோதுதான், அங்கிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று பார்த்தேன். விளக்கு தெரியும். கூரையில் ஈரம் படிந்த ஒரு பழுப்புக் கறை தெரியும். வருகிறவர்கள் எல்லோரும் தலைகீழாகத் தெரிவார்கள். சுவர்க் கடிகாரம் தெரியாது. அது நாங்கள் பார்ப்பதற்காக மாட்டியது.

பெரிய டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். முப்பது வருட அனுபவம். எத்தனையோ பேரைச் சாவின் வாசலிலிருந்து இழுத்துக்கொண்டு வந்த கை அது. நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நல்ல மனுஷி. வேகமானவர். மரத்துப்போன தங்கையின் கால்களை ஒருத்தி தூக்கிப் பட்டையில் மாட்ட முயன்றுகொண்டிருந்தாள், ஒரு கால் நழுவியது. டாக்டர் என்னைப் பார்த்தார்.

“சிஸ்டர், அந்தக் காலைக் கொஞ்சம் புடிங்க.”

என் தோளுக்குக் கீழே தங்கையின் மூச்சு நின்றதுபோல இருந்தது.

“நான் இன்னிக்கு ட்யூட்டில இல்ல டாக்டர்,” என்றேன். “இவளோட அக்கா. என்ன செய்யப்போறீங்கன்னு மொதல்ல அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

என் சிநேகிதிகள் எல்லோரும் தட்டில் இருந்த கருவிகளைப் பார்த்தார்கள். அந்த அறையில் யாரும் அப்படிப் பேசியதில்லை, நான் உட்பட.

“ரத்தம் போய்ட்டிருக்கு சிஸ்டர்.”

“தெரியும் டாக்டர். அதுக்கு அரை நிமிஷம்கூட ஆகாது.”

டாக்டரின் கண் சுருங்கியது. கையுறை போட்ட கைகளை நெஞ்சுக்கு முன்னால் உயர்த்தியபடியே, மேஜையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். தங்கையைக் குனிந்து பார்த்து, மனப்பாடம் செய்த பாடம்போலச் சொன்னார்: “உங்க கர்ப்பப்பைல கொடி ஒட்டியிருக்கு. நான் கையை உள்ள விட்டு எடுக்கப்போறேன். வலி தெரியாது, அழுத்தற மாதிரி இருக்கும். பத்து நிமிஷம்.” கொஞ்சம் நிறுத்தி, அந்த வார்த்தை பழக்கமில்லாததுபோல, “சரியா?” என்றார்.

“சரி,” என்றாள் தங்கை. பிறகு கண்ணை மேலே உருட்டி, தலைகீழாகத் தெரிந்த என்னைத் தேடினாள். “அக்கா, கால் நழுவுது போல. நீயே போய்ப் புடி. புடிச்சுட்டு இங்க வந்துடு.”

போய்ப் பிடித்தேன். கால் ஈரமாக, சில்லென்று, தூங்கும் குழந்தையின் கைபோலக் கனத்தது. பட்டை மாட்டும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிவந்து மறுபடி தலைமாட்டில் நின்றேன். கொடி முழுதாக வந்தது. ரத்தம் நின்றது. பதினோரு நிமிடம் ஆகியிருந்தது என்று அப்புறம் யாரோ சொன்னார்கள்.

கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு டாக்டர் வெளியே போகும்போது என் பக்கத்தில் நின்றார். “நாளைக்குக் காலைல என் ரூமுக்கு வாங்க சிஸ்டர்,” என்றார். கோபமா இல்லையா என்று அந்தக் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. பதினாறு வருடம் பழகிய குரல் அது.

சாயங்காலம் தங்கையும் குழந்தையும் வார்டில் தூங்கினார்கள். அவள் கணவர் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தபடியே தூங்கினார். மாற்று உடை எடுத்துவர நான் வீட்டுக்குப் போனேன். போகிற வழியில் தையல்கார அம்மா வீட்டிலிருந்து வாலுவையும் அழைத்துக்கொண்டேன். வீடு நாங்கள் போட்டது போட்டபடி கிடந்தது. உப்புப் போட்ட தேநீர் ஆடை படர்ந்து மேஜையில் இருந்தது. குழந்தை கண்ணில் படுவதற்கு முன் விரிப்பைச் சுருட்டி எடுத்துக் குளியலறைக்குப் போனேன். குளிர்ந்த தண்ணீரில் அலசினேன். தண்ணீர் சிவப்பாக ஓடி, வெளிறி, மூன்றாவது வாளிக்கு மேல் தெளிவாக வந்தது.

வாலு கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிச் சீருடையைக்கூடக் கழற்றவில்லை.

“நானும் புழியறேன் பெரியம்மா.”

ஈரத்தில் அந்த விரிப்பு என் கைக்கு அடங்கவில்லைதான். ஒரு முனையை அவளிடம் கொடுத்தேன். நான் வலப்பக்கம் முறுக்கினேன். அவளும் என்னைப் பார்த்து என் கை திரும்பும் பக்கமே முறுக்க, துணி எங்கள் நடுவில் சும்மா சுழன்றது.

“நீ அந்தப் பக்கமா திருப்பு,” என்றேன். திருப்பினாள்.

“அம்மா அழுதாங்களா?”

“கத்தினா. அழல.”

“நான் பொறந்தப்போ?”

முறுக்கை நான் விடவில்லை. அவளும் விடவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு, இரண்டு காலையும் அகட்டி ஊன்றி, தன் முழுப் பலத்தையும் கொடுத்து இழுத்துப் பிடித்திருந்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்த விரிப்பு கயிறுபோல இறுகி, அதன் வயிற்றிலிருந்து தண்ணீர் முதலில் கொட்டியது, பிறகு சொட்டியது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.